கிளட்ச் இல்லாத வண்டி

மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டு, நடக்கவிடாமல் இழுத்தது. பக்கத்து நிரையில் நின்ற அஞ்சலைதான் முதலில் பார்த்தாள்.

"ஏய் பாக்கியம், அங்க பாரு. ஒன் வீட்டுக்காரரு வண்டி வருது."

நிமிர்ந்தேன். கீழே தோட்ட ரோட்டில் என் வீட்டுக்காரர் சின்னையா ஓட்டும் மூன்று சக்கர வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் மோட்டார் சைக்கிள், பின்பக்கம் சிவப்புப் பெட்டி. அரிசியும் மாவும் ஏற்றிக்கொண்டு ஹட்டன் கடையிலிருந்து வருகிற வண்டி. எப்போதும் அது வந்தால் மலை முழுக்கப் படபடவென்று கேட்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை.

பிறகுதான் கவனித்தேன். சீட்டில் ஆள் இல்லை.

முதலில் அது மெதுவாகத்தான் போனது. பிறகு பிள்ளை மடுவத்தை நெருங்கியது. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை அது. என் செல்வியும் அங்கேதான் இருந்தாள். வண்டி மடுவத்துச் சுவரை ஒட்டிப் போய், வேகம் பிடித்து, ரோடு திரும்புகிற இடத்தில் திரும்பாமல் நேரே போனது. பள்ளத்துக்குள் விழுந்த சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் எங்களுக்குக் கேட்டது.

பின்னால் அவர் ஓடி வந்தார். வலது கையை வீசிக்கொண்டு, இடது கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு ஓடினார். அப்படி ஓடினால் வேகமாக ஓட முடியாது. ஆனால் அந்தக் கையை வெளியே எடுக்க அவருக்கு அப்போதும் மனம் வரவில்லை.

அந்தக் கை

எங்கள் கல்யாணத்தைப் பற்றி இந்தத் தொடரின் போன இதழ்களில் எழுதிவிட்டேன். அதில் அவரை வாய் ஓயாத மனுஷன் என்று எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. கல்யாணமான புதிதில் அவர் அப்படித்தான் இருந்தார்.

அவருக்கு வேலை ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்தை உருட்டிப் பிசைகிற ரோலர் அறையில் நின்றார். ஒரு நாள் ரோலர் கொழுந்தோடு அவர் கையையும் இழுத்துக்கொண்டது. இடது கையில் கட்டை விரலும் அதற்குப் பக்கத்து விரலும் மிஞ்சின.

தோட்டத்தை நடத்தும் தொரை தன் சொந்தக் காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அந்தக் காரைப் பற்றித் தோட்டமே ஒரு மாதம் பேசியது. மெத்தையில் ரத்தம் பட்டதற்குக்கூடத் தொரை ஒன்றும் சொல்லவில்லையாம். என்ன மனசு, என்ன மனசு என்றார்கள். விரல்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அவை எங்கே போயின என்று நான் ஒருத்தி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைய தேயிலைத் தூளை ஏதோ ஒரு சீமையில் யாரோ குடித்திருப்பார்கள்.

காயம் ஆறியதும் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அவருக்கு அரைப்பேர் வேலை கொடுத்தார். அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் வாசிக்கும்போது, கிழவர்களோடும் வேலைக்குப் புதிதாக வந்த பொடிசுகளோடும் அவர் நிற்க வேண்டும். இடது கையை அக்குளுக்குள் செருகிக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் வந்தது. நான் பெரட்டில் அவர் நிற்கும் பக்கம் திரும்புவதே இல்லை. நான் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

பேச்சு குறைந்தது. பிள்ளையைத் தூக்குவதை நிறுத்தினார். கேட்டால், "வழுக்கிடும் புள்ள" என்பார்.

இடது கைக்கு வேலையில்லை

ஹட்டன் பஜாரில் நாங்கள் அரிசி வாங்குகிற கடை முதலாளிக்குத் தோட்டம் தோட்டமாகச் சாமான் அனுப்ப ஒரு வண்டி வேண்டியிருந்தது. லொறி வாங்கினால் கட்டாது என்று ஒரு பழைய மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை வாங்கினார். அது சாதாரண வண்டி. இடது கையால் கிளட்சைப் பிடித்து, காலால் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விட வேண்டும். சமதரையிலேயே புதிதாக ஓட்டுகிறவனுக்கு அது குதிக்கும். எங்கள் ஏற்றங்களில் கேட்க வேண்டுமா? பழக வந்த ஒருவன் கிளட்சைப் பட்டென்று விட்டு, இஞ்சின் நின்று, வண்டி பின்னால் உருண்டு, பஜாரில் ஒரு வாழைக்குலைக் கடைக்குள் போய் உட்கார்ந்தான். அடுத்தவன் அதைப் பார்த்துவிட்டு வரவே இல்லை.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஓர் ஆள் புது வண்டியோடு ரயிலேறி வந்தான். இதில் கிளட்ச் தானாகவே வேலை செய்யும், நேற்றுப் பிறந்த பிள்ளைகூட ஓட்டலாம் என்றான். ரயில்வே குட்ஷெட் பக்கத்தில் ஒரு சமதரை இருக்கிறது. அங்கே ஓட்டிக் காட்டினான்.

சம்பள நாளில் சாமான் வாங்கப் போயிருந்த என் வீட்டுக்காரர் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். கொழும்பு ஆள் விளக்கினானாம். இஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து வெளிச்சுற்றைக் கவ்விக்கொள்ளும், அப்போது சக்கரம் ஓடும். இஞ்சின் மெதுவானால் கட்டைகள் சுருங்கிக் கவ்வலை விட்டுவிடும், வண்டி நிற்கும். பிள்ளைகள் கைகோர்த்துச் சுற்றும்போது வேகம் கூடக்கூட வெளியே சாய்வார்களே, அந்த மாதிரி. பிடிக்க வேண்டாம், விட வேண்டாம். வேகத்தைக் கொடுத்தால் போகும், குறைத்தால் நிற்கும். கியருக்கு இடது கால். பிரேக்குக்கு வலது கையும் வலது காலும்.

இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போய்க் கேட்டிருக்கிறார்.

"அப்ப எடது கைக்கு என்னங்க வேல?"

"ஒண்ணும் இல்ல. சும்மா புடிச்சிக்கிட்டா போதும்."

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் எத்தனை முறை சொன்னார் என்று தெரியாது. ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். அடுப்புப் பக்கம் வந்து குந்திக்கொண்டார்.

"எடது கைக்கு வேலையே இல்லையாம் புள்ள."

"சரிங்க."

"சும்மா புடிச்சிக்கிட்டா போதுமாம்."

அக்குளுக்குள் இருந்த கையை வெளியே எடுத்து, அந்த இரண்டு விரல்களையும் மடக்கி மடக்கிப் பார்த்தார். அடுப்பு வெளிச்சத்தில் நான் அந்தக் கையை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன்.

முதலாளி அந்தப் புது வண்டியை வாங்கி, ஓட்ட இவரை எடுத்துக்கொண்டார். இரக்கம் என்று நான் எழுத மாட்டேன். அரை ஆளுக்கு அரைச் சம்பளம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். இவருக்கு அதெல்லாம் தெரியவில்லை. முழு ஆள் வேலை கிடைத்தது என்றுதான் நினைத்தார்.

சீட்டில் உட்கார்ந்த மனுஷன்

ஒரு வாரத்தில் பழகிவிட்டார். பிறகு எங்கள் தோட்டத்துக்கும் மஸ்கெலியாப் பக்கத் தோட்டங்களுக்கும் வண்டி போய்வந்தது. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். பெரட்டில் அவருக்கு அரைப்பேர் எழுதின கணக்கப்பிள்ளை ஒரு நாள் கையைக் காட்டி நிறுத்தி, ஏறிக்கொண்டு டவுனுக்குப் போனார். அதை இவர் சிரிக்காமல் சொன்ன விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அஞ்சலையுடையது. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அவள் சுவருக்கு மேலாகவே பேசுவாள்.

"இனிமே எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா ஒனக்கு? டவுன்காரியாச்சே."

"தெரியாதுடி. நீ யாரு?"

"அடி செருப்பால" என்பாள். கூடவே ஒரு கிண்ணம் சம்பல் சுவர் ஏறி வரும்.

இந்த இடத்தில் மலை ரோடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சமதரை என்பது பணக்காரர் வீட்டு முற்றத்தில்தான் உண்டு. வண்டியை எங்கே நிறுத்தினாலும் ஏற்றத்தில் அல்லது இறக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். லொறிக்காரர்கள் கைப்பிரேக்கை நம்பமாட்டார்கள். இஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுப்பார்கள். கியரில் கிடந்தால் இஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கல் சும்மா ஒரு பேருக்குத்தான். கடை வாசல், கோயில் வாசல், திருப்பம் எங்கும் அந்தக் கற்கள் கிடக்கும். சின்ன வயதில் பெருவிரலை அவற்றில் இடித்துக்கொண்டு நான் அழாத நாளில்லை. கிளட்ச் என்றால் என்ன என்று தெரியாத எங்கள் பொம்பளைகளுக்குக்கூட, நிற்கிற வண்டி கியரில் கிடக்க வேண்டும் என்று தெரியும்.

இந்த வண்டிக்குக் கைப்பிரேக்கே கிடையாது. அதனால் அவரும் மலைக்காரர் செய்கிறதைச் செய்தார். கியரில் போட்டார். கல் வைத்தார்.

ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். "எறக்கத்துல வேகத்த கொறச்சா, சில நேரம் வண்டி புடியே இல்லாம ஓடுது புள்ள. கால் பிரேக்க அமுக்கித்தான் நிறுத்த வேண்டியிருக்கு."

"பாரம் ஜாஸ்தி ஏத்துறாங்களோ என்னமோ" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

பள்ளத்தில்

அன்று கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். கணக்கப்பிள்ளை பின்னால் கத்தினார். முதலில் மடுவத்துக்குப் போய்ச் செல்வியைத் தூக்கிக்கொண்டேன். பிறகுதான் பள்ளத்துக்குப் போனேன்.

வண்டி தலைகீழாகக் கிடந்தது. அரிசி தேயிலைச் செடிகளுக்கு மேலெல்லாம் சிதறியிருந்தது. மாவு மூட்டை ஓடைத் தண்ணீரில் கரைந்து தண்ணீர் வெள்ளையாக ஓடியது. லயத்திலிருந்து வந்த பெண்கள் படங்குச் சாக்கை விரித்து, மண்ணோடு அரிசியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளி வாடகைக் காரில் வந்து இறங்கினார். பள்ளத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"கியர்ல போட்டியா?"

"போட்டேங்க மொதலாளி."

"போட்டிருந்தா எப்படிப்பா போகும்?"

"போட்டேங்க. கல்லும் வச்சேங்க."

"எம்புட்டுக் கல்லு?"

அவர் வலது கையை விரித்துக் காட்டினார். ஒரு கையால் தூக்கக்கூடிய கல்.

சுற்றிலும் நின்றவர்களில் லொறி ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள், ஸ்டோர் இஞ்சின்காரர் இருந்தார். கியரில் கிடந்த வண்டி உருளாது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வண்டி எதுவும் உருண்டதில்லை. விழுந்ததில் கியர்ப் பெடல் வளைந்து போயிருந்தது. அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்னைய சொல்லி என்ன செய்ய" என்றார். "எந் தப்புதான். கை இல்லாதவன்கிட்ட வண்டியக் குடுத்தேன்ல."

அதற்குப் பிறகு அவருக்கு எங்கும் வேலை இல்லை. டவுனுக்குப் போனவனுக்கு அரைப்பேர் எதற்கு என்று கண்டாக்கு ஐயா சொல்லிவிட்டார். நான் கொழுந்து எடுத்ததால் காம்பரா மிஞ்சியது, கஞ்சியும் மிஞ்சியது. அவர் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். நான் வேலை விட்டு வரும்போது பார்ப்பேன், இடது கால் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். முன்பாதத்தால் தரையை அமுக்குவார். எடுப்பார். மறுபடி அமுக்குவார். அங்கே இல்லாத ஒரு பெடலை மிதித்துக்கொண்டிருந்தார்.

"நான் கியர்ல போட்டேனா புள்ள?"

"போட்டிருப்பீங்க."

"போட்டிருப்பேன்னு சொல்லாத. போட்டேனா இல்லையா?"

"நான் அங்க இல்லையேங்க."

வேறு என்ன சொல்வது? முதலில் போட்டேன் என்று அடித்துச் சொன்னவர், பிறகு போட்டதாகத்தான் ஞாபகம் என்றார். பிறகு ஞாபகம் இல்லை என்றார். கடைசியில், "போட்டிருக்க மாட்டேன். போட்டிருந்தா போயிருக்காதே" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். பிள்ளை மடுவத்துச் சுவரை ஒட்டி அந்த வண்டி போனதை நினைத்து நினைத்து, செல்வி பக்கத்தில் வந்தால்கூட எழுந்து போய்விடுவார். ரோலர் விரல்களை மட்டும்தான் எடுத்தது. மிச்சத்தை அந்த வண்டி எடுத்துக்கொண்டது. எனக்கு அந்த மனுஷனைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வழியும் தெரியவில்லை.

இரண்டு கை உள்ளவன்

முதலாளி வண்டியைச் சீர் செய்தார். இந்தத் தடவை தன் தங்கை மகன் தியாகுவை ஓட்டவைத்தார். கண்டியில் படித்த பையன், நல்ல வாட்டசாட்டம், மரியாதையான பேச்சு. வண்டிச் சத்தம் கேட்டாலே என் வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய வாரம் தியாகு சாமான் கொண்டுவந்தான். கோயிலுக்கு மேலே ரோட்டில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, தேங்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனான். அதற்குக் கீழேதான் எங்கள் பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடம். அஞ்சலை முதுகைக் காட்டிக் குனிந்து குடம் கழுவிக்கொண்டிருந்தாள். ஓடாத இஞ்சினுக்குச் சத்தம் கிடையாது. தண்ணீர் வேறு கொட்டிக்கொண்டிருந்தது. வண்டி பின்னால் உருண்டு வந்தது அவளுக்குக் கேட்டிருக்காது.

இதற்கு மேல் அந்தச் சாவைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலையை அவள் காம்பரா இஸ்தோப்பில் கிடத்தியிருந்தார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்தார். கூடவே கினிகத்தேனையிலிருந்து கராஜ்காரர் ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். சிங்களவர், எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி பீலிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. இஸ்தோப்பில் இருந்தபடியே எல்லாம் தெரிந்தது.

தியாகு அழுதுகொண்டே சொன்னான். "கியர்லதான் மாமா போட்டேன். ரெண்டு கையாலயும் பெரிய கல்லத் தூக்கி வச்சேன். சாமி சத்தியமா."

மழைச் சேற்றில் கல் வழுக்கியிருந்தது. வழுக்கிய தடம் ரோட்டில் நீளமாகக் கிடந்தது.

பாஸ் வண்டியை நிமிர்த்தச் சொன்னார். குனிந்து பெடலைப் பார்த்தார். வண்டி இன்னும் கியரில்தான் கிடந்தது. பிறகு உள்ளங்கையைப் பெட்டியில் வைத்து மெல்லத் தள்ளினார். வண்டி நகர்ந்தது. மாட்டு வண்டியைப் போல எந்தத் தடையும் இல்லாமல் நகர்ந்தது.

"கியர் இருக்கு" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "ஆனா இஞ்சின் நிண்டா, உள்ள கட்டை புடிக்காது. இந்த வண்டிக்கு நிக்கிற நேரம் கியர் ஒண்ணும் இல்ல. கியரும் ஒண்ணு, சும்மா விட்டதும் ஒண்ணு. கொழும்புல சரி. மலைக்குச் சரி இல்ல."

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எங்கள் காம்பராவிலிருந்து வெளியே வந்தார். பிணத்தைத் தாண்டி, என்னைத் தாண்டி, படியிறங்கி நேரே பாஸிடம் போனார்.

"இன்னொரு தடவ தள்ளுங்க பாஸ்."

பாஸ் அவரையும் கையையும் பார்த்தார். தள்ளினார். வண்டி நகர்ந்தது.

"இன்னொரு தடவ."

"சின்னையா, போதும்ப்பா" என்றார் முதலாளி.

"ஒரே ஒரு தடவைங்க மொதலாளி. நான் பாத்துக்கிறேன்."

இந்த முறை அவரே தள்ளினார். அக்குளிலிருந்து இடது கையை எடுத்து, அந்த இரண்டு விரல்களைப் பெட்டியில் ஊன்றித் தள்ளினார். வண்டி நகர்ந்தது. அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரிக்கவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. கல்யாணமான புதிதில் நான் பார்த்த அதே முகம். கூடி நின்றவர்கள் பக்கம் திரும்பி, "கியர்லதான் கெடக்கு, பாத்துக்கங்க. நல்லாப் பாத்துக்கங்க" என்றார். அஞ்சலையின் புருஷன் முனியாண்டி தூணில் சாய்ந்து உட்கார்ந்து, சிரிக்கிற அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முனியாண்டி அதற்குப் பிறகு எங்களோடு பேசவில்லை. லயத்திலும் ரொம்ப நாள் யாரும் பேசவில்லை. அவர்கள் பேசாததில் நியாயம் இருந்தது. அவர் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. இந்த இரண்டையும் ஒரு மனசில் வைத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வாழ்வது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

லயத்தில் பிணம் கிடக்கும்போது யாரும் அடுப்பு மூட்டமாட்டோம். சாயங்காலம் புதைத்துவிட்டு வந்து, குளித்துவிட்டுத்தான் உலை வைத்தேன். அத்தனை மாதமாகச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோன மனுஷன், செல்வியை மடியில் உட்காரவைத்து, இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிசைந்து அவளுக்கும் ஊட்டித் தானும் சாப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சலையின் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் சோறு இருக்கா புள்ள?" என்று கேட்டார்.

சத்தம் வராமல் அகப்பையை எடுத்து, பானையில் இருந்ததை எல்லாம் அவருக்குப் போட்டேன்.